வீட்டில் தமிழ் பந்த்

அந்த இடத்தில் எனக்குப் பெயர் கிடையாது. 'மம்மா'தான். எனக்கு மட்டுமல்ல, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பெண்களுக்கும் அதே பெயர். கதவைத் திறந்து "மம்மா, உள்ளே வாங்க" என்று இந்தியில் கூப்பிட்டால் நாங்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்திருப்போம். அப்புறம் எந்தப் பிள்ளையின் மம்மா என்று சொல்லுவார்கள். மற்றவர்கள் திரும்ப உட்காருவோம்.

பம்பாயில், செம்பூர் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த மையம். ஆட்டிசம் இருக்கிற சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். பிள்ளைக்கு அல்ல, பெற்றவர்களுக்கு. வாரத்துக்கு ஒருநாள் பிள்ளையோடு போய், அவனோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொண்டு வந்து, மீதி நாளெல்லாம் வீட்டில் நாமே செய்ய வேண்டும். யோசனை நல்ல யோசனைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றோர் என்று போர்டில் போட்டிருந்தார்கள், அதைத்தான் குறை சொல்லுவேன். நான் போய்வருகிற இத்தனை மாதத்தில் அந்த பெஞ்சில் ஓர் ஆம்பிளை உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. அதையும் சொல்கிறேன்.

கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற வழியாக இல்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். ஊரில் கல்லூரியில் தமிழ் படித்தேன். வீட்டுக்காரர் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர், டிராம்பேயில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டின சந்தில் இரும்பு ஏணி ஏறினால் எங்கள் அறை. கீழே தோல் பை தைக்கிற பட்டறை. அங்கே மெஷின் ஓடினால் எங்கள் தரை நடுங்கும். என் மகன் அந்த நடுக்கத்துக்காகவே தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடப்பான். மெஷின் நின்றால் எழுந்துவிடுவான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சுவரைக் கூப்பிட்ட மாதிரிதான் இருக்கும். மூன்று வயது முடிந்தபோது டாக்டர் சொல்லிவிட்டார். அழுதோம். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டு அலைய ஆரம்பித்தோம்.

ஆனால் குளிக்க வைக்கும்போது மட்டும் அவன் முழுக்க என் பக்கம் இருப்பான். எனக்கு இயல்பிலேயே வாய் ஜாஸ்தி. வாளியைத் திட்டுவேன், தண்ணீர் விடாத முனிசிபாலிட்டியைத் திட்டுவேன், அவன் அப்பாவைத் திட்டுவேன். "இம்புட்டு அழுக்கு எங்கேருந்துல வந்துச்சு? பட்டறைத் தோலையெல்லாம் ஒம் முதுகுலதான் காயப்போட்டானுவளா?" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தேய்ப்பேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு சிரிப்பான். குவளையைத் தூக்கிப் பிடித்து, "ஊத்தட்டா?" என்று கேட்டு நிறுத்துவேன். "ஊத்து" என்பான். சுத்தமாகச் சொல்லுவான். 'ம்மா', 'போ', 'ஊத்து'. அவனிடம் இருந்த பேச்சு அவ்வளவுதான், அத்தனையும் தமிழ்.

செம்பூரில் இடம் கிடைக்க ரொம்ப நாள் காத்திருந்தோம். கிடைத்த அன்று வீட்டுக்காரர் சயானிலிருந்து ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்களுக்கு ஒதுக்கின மேடம் என்னைவிட வயதில் சின்னவள். துறுதுறுவென்று இருப்பாள். பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொள்ளும், அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே வீட்டில் என்னென்ன பாஷை என்று இந்தியில் கேட்டாள். நான் தமிழ், அப்பா தமிழும் இந்தியும் கலந்து, கீழே பட்டறையில் இந்தி, பக்கத்து வீட்டில் மராத்தி என்று எனக்கு வந்த இந்தியில் சொன்னேன். அவள் உச்சுக் கொட்டினாள்.

"இத்தனை பாஷை கேட்டா குழந்தை கன்ஃப்யூஸ் ஆகாம என்ன செய்யும், மம்மா? இனிமே ஒரே பாஷை. பேச இந்தி, ஸ்கூலுக்கு இங்கிலீஷ். வீட்ல தமிழ் பந்த். ஓகே?"

கடையை மூடச் சொல்கிற மாதிரி இந்தியில் சொன்னாள். ஒரே பாஷை என்று சொல்லி இரண்டைக் கொடுத்தாளே, அதைக்கூட நான் கேட்கவில்லை. மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். அங்கே வருகிற எல்லோருமே தலையாட்டுகிறவர்கள்தான். பிள்ளை பேச வேண்டும் என்று தவிக்கிற ஒருத்தியிடம் நாளையிலிருந்து தலைகீழாக நட என்று சொன்னாலும் நடப்பாள். அது தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லும் முன் நூறு தடவை யோசிக்க வேண்டாமா?

வீட்டுக்காரர் என்னைவிட ஜோராக ஏற்றுக்கொண்டார். அவர் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவர். அதற்கு மேல் படிக்கப்போன இடத்தில் இங்கிலீஷ் வராமல் முழித்து, 'மதராசி' என்று கேலிப்பட்டு, பாதியில் விட்டுவிட்டு வந்தவர். அந்தப் புண் இன்னும் காயவில்லை.

"நம்ம புள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கஷ்டம் இருக்குல்லா. அதுமேல தமிழ வேற ஏத்தி வைக்கணுமா? ஏக்தம் நிறுத்திருவோம்" என்றார்.

வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டார். பிள்ளை முன்னால் யார் வாயிலிருந்து தமிழ் வந்தாலும் மற்றவர் ஓடிப்போய் அந்த வாயைப் பொத்த வேண்டும். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. "என்னங்க, சோறு..." என்று நான் வாய் திறப்பேன், பாய்ந்து வந்து பொத்துவார். அவர் "ஏ புள்ள" என்றால் நான் பொத்துவேன். இரண்டு பேரும் சிரிப்போம். மகன் தரையில் கன்னம் வைத்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். போகப் போகச் சிரிப்பு நின்றது, பொத்துவது நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்த இந்தியை நான் எங்கே கற்றேன்? தண்ணீர்க் குழாயடியில் கற்றேன். லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் கற்றேன். காய்கறிக்காரனிடம் பேரம் பேசிக் கற்றேன். தள்ளு, நகரு, என் வாளியை எடுக்காதே, நான்தான் முதலில் வந்தேன். இந்த பாஷையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எப்படிக் கொஞ்சுவது? காய்ச்சலில் அவன் துடித்தபோது "க்யா ஹுவா, க்யா ஹுவா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்க மட்டும்தான் வந்தது. அதற்கு அடுத்தது என்னிடம் இல்லை. ராசா என்று கூப்பிட, செல்லமாகத் திட்ட, வாய்க்கு வந்ததை உளற, எதற்கும் வார்த்தை இல்லை.

குளியல் சத்தமில்லாமல் முடிந்தது. "பானி" என்பேன். 'ஊத்தட்டா'வுக்குப் பதிலாக "டாலூ?" என்று குவளையைத் தூக்குவேன். அவன் குவளையைப் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான். கொஞ்ச நாளில் குவளையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, சுவரில் ஓடுகிற தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தான். 'ஊத்து' போயிற்று. 'போ' போயிற்று. கடைசியில் 'ம்மா'வும் போயிற்று. மேடத்திடம் சொன்னேன், இருந்த பேச்சும் போய்விட்டது என்று. இப்படிச் சில பிள்ளைகளுக்கு ஆகும், பொறுமையாக இருங்கள், அந்த வார்த்தைகள் பள்ளிக்கூடத்தில் எப்படியும் உதவாது என்றாள். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வந்தேன். அது அழுகை என்று அப்போது நினைத்தேன், இப்போது யோசித்தால் கோபம்தான்.

தினமும் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இருப்பது ஓர் அறை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த மனுஷன் பாதி அறையை அடைத்துக்கொண்டு தூங்குவார். மீதிப் பாதியில் அரிசி டின்மேல் போனைச் சாத்திவைத்து, நான் பந்தை உருட்டுவேன். கீழே மெஷின் ஓடும். அவன் பந்தை விட்டுவிட்டுத் தரையில் கன்னத்தை வைப்பான். நான் கேமராவைப் பார்த்துச் சிரிப்பேன். சாயங்காலம் பதில் வரும். மம்மா, இன்னும் சிரிங்க. மம்மா, முகத்தில் உயிரே இல்லை. மம்மா, பேசவே மாட்டேங்கிறீங்க, குழந்தையோடு நிறையப் பேசுங்க.

நிறையப் பேசவாம். நாக்கைப் பிடுங்கி எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் பேச மாட்டேங்கிறாய் என்று கேட்டார்கள்.

நாங்கள் எல்லோரும் வாடிப்போயிருப்பதை அவர்களும் கவனித்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மம்மாக்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு வகுப்பு வைத்தார்கள். வெளியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கண்ணை மூடச் சொன்னார். அமைதியான ஒரு தண்ணீர்க்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார். தாராவிக்காரிக்குத் தண்ணீர்க்கரை என்றால் சாக்கடை ஓடுகிற மாகிம் க்ரீக்தான் ஞாபகம் வரும், அதுவும் மூக்கில்தான் முதலில் வரும். தினமும் உங்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், கதவைச் சாத்திக்கொண்டு பிடித்த பாட்டு கேளுங்கள், இதமான வெந்நீரில் நிதானமாகக் குளியுங்கள் என்றார். எந்தக் கதவை? பிள்ளையை யார் பார்ப்பது? பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளை அனுப்புகிறேன் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை, வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுகிறேன் என்றும் சொல்லவில்லை. மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

"சவத்து மூதி, தண்ணி வாரதே காலையில கொஞ்ச நேரம். இதுல வெந்நீர்ல நிதானமா குளிக்கணுமாம்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். என் வரிசையில் இருந்த யாருக்கும் புரியவில்லை. ஓரத்தில் நின்ற எங்கள் மேடம் மட்டும் சட்டென்று குனிந்துகொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அது நடந்தது. விளையாட்டு அறையில் குதிக்கிற வட்டப் பலகை ஒன்று உண்டு, சுற்றிலும் ஸ்பிரிங் வைத்தது. மகன் அதில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். மேடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். குதித்தவன் ஓரத்துக்கு வந்து ஒரு காலை வெளியே விட்டுவிட்டான்.

"ஏல! விழுந்துராதல!" என்று கத்திவிட்டேன்.

அவன் நின்றான். இறங்கினான். நேராக என்னிடம் நடந்து வந்தான். கூப்பிட்டு ஒருநாளும் வராத பிள்ளை, கூப்பிடாமலேயே வந்தான். என் மடியில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, வலது உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினான். அவன் அப்பா பொத்துகிற மாதிரியே, கட்டை விரல் கன்னத்தில் அழுந்த, இறுக்கி.

"வாவ்!" என்று மேடம் துள்ளினாள். "பாத்தீங்களா மம்மா? தானா வந்தான்! நாம செய்யறதைப் பாத்துச் செய்யறான்! இதுக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம்!"

பிள்ளை நல்லதாக ஒன்று செய்தால் உடனே அவனுக்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. அப்போதுதான் திரும்பச் செய்வானாம். என் மகனுக்குப் பிடித்தது சோப்புக் குமிழி. அவள் பாட்டிலைத் திறந்து ஊதினாள். குமிழிகள் பறந்தன, அவன் கையை எடுத்துவிட்டுச் சிரித்தான். குமிழிகள் உடைந்து முடிந்ததும் என்னைப் பார்த்தான். திரும்ப வந்து என் வாயைப் பொத்தினான். அவள் திரும்ப ஊதினாள். சிரித்தான். திரும்பப் பொத்தினான். ஊதினாள்.

நான் அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை என் மடியில் இருக்கிறான், என் முகத்தைத் தேடி வருகிறான், அவன் கை சூடாக இருக்கிறது. எத்தனை மாதமாக ஏங்கினது. அது எதற்காக வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தபோது அவன் கையைப் பிடுங்கி எடுத்துவிட்டு எழுந்தேன்.

"நிறுத்துட்டி! எம் புள்ள எம் வாயப் பொத்துதான், நீ அதுக்கு சோப்பு முட்டை ஊதிக்கிட்டு இருக்க! அவன் என்ன படிச்சிருக்கான்னு தெரியுமாட்டி ஒனக்கு? பெத்தவ பேசப்படாதுன்னு படிச்சிருக்கான். அத இங்க வச்சு நீயும் சேந்து சொல்லிக் குடுக்க! வெளங்குவியா நீ?"

அறைக் கண்ணாடி அதிர்கிற மாதிரி கத்தினேன். எல்லாம் தமிழ். அவளுக்கு ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில் அதற்கு மேலும் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. அவள் முகம் வெளுத்துப்போய், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, ப்ளீஸ், கத்தாதீங்கோ. கொழந்தை பயந்துக்கறான்."



"நீ தமிழா?"

"ஆமாம்க்கா. மாதுங்கா."

மாதுங்கா என்றால் பம்பாயில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம், பூக்கடை, கோயில், பில்டர் காப்பி. அங்கிருந்து வந்த ஒருத்தியும் தாராவியிலிருந்து வந்த ஒருத்தியும் இத்தனை மாதம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாஷையில் தமிழை எப்படி நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இத்தன நாளா ஏன் வாய் தெறக்கல?"

"பேரன்ட்ஸோட இந்தியோ இங்கிலீஷோதான் பேசணும்னு இங்க ரூல். அதுவும் இல்லாம, என் தமிழ் வெறும் ஆத்துத் தமிழ்க்கா. எழுதப் படிக்கத் தெரியாது. இதெல்லாம் அதுல சொல்ல வராது."

"அப்பம் நான் வஞ்சதெல்லாம்?"

"புரிஞ்சுது. சவத்து மூதின்னா என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன். அவளுக்கும் தெரியல."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"ஒங்கம்மாகிட்ட நீ என்ன பாஷையில பேசுத?"

"தமிழ்தான்."

"எம் புள்ள அவன் அம்மாகிட்ட என்ன பாஷையில பேசணும்?"

அவள் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவள் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்குத் தெரியவே வந்திருக்காது. சொன்னாள் என்பதற்காகத்தான் இன்றைக்கும் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது.

"அது... இப்போ நாங்க அப்படிச் சொல்றதில்லக்கா. ஆத்து பாஷையை நிறுத்த வேண்டாம்னு தீபாவளிக்கு முன்னாடி வந்த ட்ரெய்னிங்லயே சொல்லிட்டா. அம்மாவுக்கு எது நன்னா வருமோ அதுல பேசினாத்தான் கொழந்தைக்கு நல்லதுன்னு. புதுசா வரவாகிட்ட அப்படித்தான் சொல்லிண்டிருக்கோம்."

"எங்ககிட்ட?"

"நீங்க பழைய பேட்ச். நடுவுல மாத்தினா கன்ஃப்யூஸ் ஆயிடுவேள்னு சீனியர் மேடம் சொன்னா."

பழைய பேட்ச். தீபாவளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் என் வீட்டில் எத்தனை குளியல், எத்தனை காய்ச்சல். அதே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது மம்மா தன் பாஷையில் தன் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாளே, மேடம் பார்த்தால் திட்டுவாளே என்று அவளை நினைத்து நான் பயந்திருக்கிறேன்.

சீனியர் மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் ரொம்ப மரியாதையாக நாற்காலி காட்டினார். அந்தச் சமயத்தில் எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம் என்றார். சரி. தெரிந்தது மாறும், ஒத்துக்கொள்கிறேன். டாக்டர்கள்கூட மாற்றிச் சொல்லுகிறார்கள். மாறினால் ஒரு போன் செய்ய வேண்டாமா? எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் காலையில் தாமரைப்பூ படம் போட்டு குட் மார்னிங் வரும். செருப்பை வெளியே விடுங்கள் என்று வரும். பிள்ளைக்குச் சளி இருந்தால் கூட்டி வராதீர்கள் என்று வரும். உங்கள் பாஷையில் பேசலாம் என்ற ஒரு வரி வரவில்லை. இதை அவரிடம் இந்தியில் கேட்டேன். குழாயடி இந்திதான், ஆனால் தெளிவாகக் கேட்டேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது என்றார். அதுவும் ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததாக இருக்கும்.

வெளியே வந்து பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னேன். காட்கோபரிலிருந்து வருகிற மராத்திக்காரி ஒருத்தி, பிள்ளையிடம் 'கம் பேபி, சிட் பேபி' தவிர வேறு பேசாதவள், நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி என்மேலேயே எரிந்து விழுந்தாள்: நீ கத்தினதால் எங்கள் இடமும் போய்விட்டால் யார் பொறுப்பு? தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிற வீட்டு முஸ்லிம் பெண் ஒருத்தி, அவளும் நம்ம பக்கத்துக்காரிதான், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, நெசந்தானா? எம் மவன் என்கிட்ட வாரதையே விட்டுட்டானே. நான் அவன் நோவுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு முதலில் அவர் கேட்டது இது: "மேடம்ட்ட மரியாதையாத்தான பேசுன? சீட்டு போயிரப் போவுது."

கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். அவர்மேல் எறியவில்லை, சுவர்மேல். "அடுத்த வாரம் நீங்க போங்க. அந்த பெஞ்சுல நீங்க உக்காருங்க. இந்தப் பொத்துத வெளையாட்டக் கொண்டாந்தது யாரு? நீங்களே வந்து பாருங்க" என்றேன். லீவு கிடைக்காது என்றார். எனக்கு யார் லீவு கொடுத்தது என்று கேட்டேன்.

வந்தார். மம்மாக்களுக்கு நடுவில், முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மகன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பப்பா வந்திருக்கிறாரே என்று அந்த இடமே கொண்டாடியது. சீனியர் மேடம் வெளியே வந்து கை கொடுத்தார். இப்படி ஓர் அப்பா கிடைக்க மம்மா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். நான் அத்தனை மாதமாக அந்த ஏணியிலிருந்து அவனை இடுப்பில் வைத்து இறக்கி, பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி வந்து போயிருக்கிறேன். இப்படி ஓர் அம்மா கிடைக்க இவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை.

ஆனால் அவர் அந்த வீடியோவைப் பார்த்தார். மேடம் தன் போனில் போட்டுக் காட்டினாள். மகன் இறங்கி வருவது, பொத்துவது, குமிழி, பொத்துவது, குமிழி. அவர் தன் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வரும் வழியில் பஸ்ஸில் மகனிடம் தமிழில்தான் பேசினார். "வண்டி பாருல. பெரிய வண்டி" என்றார். மகன் எட்டி அவர் வாயைப் பொத்தினான். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

நாங்கள் மையத்தை விடவில்லை. விட்டால் வேறு எங்கே போவது? மேடம் இப்போது என்னிடம் தமிழில் பேசுகிறாள். சீனியர் மேடம் பார்க்காதபோது தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கிப் பேசுவாள். பொத்தினால் கண்டுகொள்ளாதீர்கள், கோபப்படாதீர்கள், சிரிக்காதீர்கள், உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருங்கள், பலன் இல்லை என்று தெரிந்தால் தானாக விட்டுவிடுவான் என்கிறாள். அதனால் என் பிள்ளையின் உள்ளங்கைக்குள் பேசிக்கொண்டிருக்கிறேன். கீழே ஓடுகிற மெஷினைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, எல்லாவற்றையும் அந்தக் கைக்குள் சொல்கிறேன். எங்களிடமிருந்து அவன் முழுசாகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுதான். அதை மறக்க வைப்பதுதான் இப்போது எங்களுக்குப் பயிற்சி. கோபப்படாதீர்கள் என்கிற பகுதி மட்டும் எனக்கு வரவில்லை.

போன வாரம் செம்பூரிலிருந்து திரும்ப பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். வெயில். கூட்டத்தில் அவன் என் இடுப்பில் இருந்தான். எதிர்ப்பக்கம் எதையோ பார்த்தான். என்ன என்று தெரியவில்லை, அங்கே நாய் இருந்தது, இளநீர் வண்டி இருந்தது, துணி காயப்போட்ட பால்கனிகள் இருந்தன. அவன் உடம்பு ஒரு தடவை எழும்பியது. வாய் திறந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஏதோ ஒரு சொல்லின் ஆரம்பம். மாதக்கணக்காகக் கேட்காத சத்தம்.

அப்போது அவன் வலது கையைத் தூக்கித் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். கட்டை விரல் கன்னத்தில் அழுந்த, இறுக்கி.

பஸ் வந்தது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் ஏறவில்லை. அவன் கையை வாயிலிருந்து எடுத்து என் கைக்குள் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுல" என்றேன். "என்ன பாத்த? சொல்லு, ராசா."

அவன் சொல்லவில்லை.